இதர வண்டிகள்

நாடாவின் முடிச்சு அவிழ மறுக்கிறது. பத்தொன்பது ஆண்டுகள் அமரர் ஊர்தி ஓட்டியவன் நான். மழையில் ஊறி இறுகிய பாடைக் கயிற்றை ஒரே இழுப்பில் தளர்த்திய இந்த விரல்கள் ஓர் அலுவலகக் கட்டின் பருத்தி நாடாவிடம் தோற்றுக்கொண்டிருக்கின்றன. சுவர்க்கடிகாரம் பத்து முப்பத்தைந்து என்கிறது. பதினொன்றரைக்கு மாடியில், போக்குவரத்து அபராத மேல்முறையீட்டு அலுவலர் முன்னிலையில், என் மறு ஆய்வு மனு அழைக்கப்படும். முதல் மனு தள்ளுபடியாகிவிட்டது. இதுவும் தள்ளுபடியானால் இப்போது முடக்கத்தில் இருக்கும் ஓட்டுநர் உரிமம் அறவே ரத்தாகும். ஊர்தியின் சாவியை, அதன் உரிமையாளர்களான அறக்கட்டளையார் வேறொருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். கோமதிநாயகம், பதறாதே. பதறிய கை முடிச்சை இறுக்கும், பொறுத்த கை தளர்த்தும். எத்தனை வீட்டு வாசல்களில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறாய். "பல்லால கடிச்சு இழுத்திராதீய அண்ணாச்சி, சர்க்கார் நாடா," என்கிறார் மேசைக்கு அப்பாலிருக்கும் ஆவுடைத்தங்கம். அவர்தான் இந்த ஆவண அறையின் காப்பாளர். முப்பத்தைந்து வயது இருக்கும். மேசைமேல் ஒரு சிறு மண்சட்டியில் துளசி வளர்க்கிறார். பழைய மேல்முறையீடுகளின் உத்தரவுகளை நான் நேரில் பார்வையிடலாம் என்று தகவல் உரிமைச் சட்டப்படி வந்த அனுமதிக் கடிதத்தைக் காலையில் நீட்டியபோது அதை இரண்டு முறை படித்தார். "பாக்கணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லையே," என்றார். பிறகு பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். பார்வையிட்டோர் பதிவேடு. அலுவலகம் திறந்து எட்டு ஆண்டுகள். ஒரு வரிகூட எழுதப்படாத பக்கங்கள். வரிசை எண் ஒன்று என்று போட்டு என் பெயரை எழுதினேன். முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் ஐந்து நிமிடத்தை நாடாவே தின்றுவிட்டது.

அவிழ்ந்தது. கட்டின் மேலட்டையில் தடித்த எழுத்தில் 'இதர' என்றிருக்கிறது. கார்களுக்கு ஓர் அலமாரி, இருசக்கரத்துக்கு இரண்டு, ஆட்டோவுக்கு ஒன்று, லாரிக்கும் பேருந்துக்கும் சேர்த்து ஒன்று. "அமரர் ஊர்தி எதுலம்மா வரும்?" என்று கேட்டபோது ஆவுடைத்தங்கம் சற்றுத் தயங்கினார். "அப்படித் தனியா தலைப்பு கெடையாது அண்ணாச்சி. இதரவுல பாருங்க. எதுலயும் சேராததெல்லாம் அதுலதான் கெடக்கு." எதிலும் சேராதது. அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது என்று சொல்லமாட்டேன், பழகிய சொல்தான். தேநீர்க் கடையில் என் ஊர்தி நின்றால் பக்கத்து வண்டிக்காரர் தன் வண்டியை ஒரு முழம் தள்ளி நிறுத்துவார். கல்யாணத் தெருவில் நுழைந்தால் கதவுகள் சாத்தப்படும். ஒவ்வொருவரும் ஒருநாள் ஏறப்போகிற வண்டி ஒன்று உலகில் உண்டென்றால் அது இதுதான். ஆயினும் அது இதர வண்டி. போகட்டும். முதல் தாள். சாலை சமன்செய்யும் ரோடு ரோலர். நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நின்றதாக அபராதம். ஓட்டுநரின் மனு ஐந்தே வரி: 'ஐயா, என் வண்டி நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஓட்டமே அப்படித்தான். காவலர் இன்னும் சற்றுப் பொறுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.' ஏற்கப்பட்டது. சிரிப்பு வருகிறது. ஆவுடைத்தங்கம் நிமிர்ந்து பார்க்கிறார். சிரிக்கலாமா இந்த அறையில்? பெயர்களின்மேல் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள். ஆனால் மைக்கு அடியில் மனிதர்கள் மூச்சு விடுகிறார்கள். அடுத்தது நடமாடும் நூலகம்: பிள்ளைகள் இறங்க மறுத்ததால் புறப்பட முடியவில்லை என்கிறார் நூலகர், தள்ளுபடி. ஏன் தள்ளுபடி? பிள்ளைகள் படிப்பது குற்றமா? அடுத்தது யானை ஏற்றிய லாரி. யானைக்காகக் காத்திருந்ததை யாரிடம் நிரூபிப்பது என்று கேட்கிறார் பாகர். ஏற்கப்பட்டது. கைவண்டி, தேன்கூட்டுப் பெட்டிகள் ஏற்றிய வண்டி, சர்க்கஸ் கூடாரம் ஏற்றிய டிராக்டர். அமரர் ஊர்தி இல்லை. பத்து நாற்பத்தெட்டு.

விசிறி மேலே ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்கிறது, ஊர்தியின் பின்கதவுத் தாழ் விழுகிற ஓசையைப் போல. சென்ற ஆவணி மாதம், வடக்கு வாணியர் தெரு, காலை ஒன்பது மணி. மல்லிகைப்பூ விற்ற பேச்சித்தாய் அம்மாளை ஏற்றியாயிற்று. நாற்பது ஆண்டுகள் அந்தத் தெருவின் கூந்தல்களுக்கெல்லாம் பூக்கொடுத்தவருக்கு அன்று தெருவே பூப்போட்டது. தாழ் விழுந்தது, 'டக்'. பெண்கள் உள்ளே திரும்பினார்கள். குடத்து நீரை ஊற்றி வாசலைக் கழுவத் தொடங்கினார்கள். நான் தெருமுனைவரை ஓட்டி வந்துவிட்டேன். அங்கே, கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டிய குழியில் ஒரு சிறு லாரியின் சக்கரம் இறங்கிவிட்டது. முன்னால் வழியில்லை. என் வண்டி தெருவின் வாயில், கடைவீதியை மறித்தபடி நிற்கிறது. போக்குவரத்துக் காவலர் ஓடிவந்தார். "ஓய், ரிவர்ஸ் எடும்! அந்தப் பக்கமா சுத்திப் போம்!" அவர் சொன்னதில் பிழையில்லை, வழி இருந்தது. ஆனால் அந்த வழி எது? பின்னோக்கிப் போய், பேச்சித்தாய் அம்மாளின் வீட்டைக் கடந்து, கழுவிய வாசலைக் கடந்து, மறுமுனையில் வெளியேறும் வழி. "வாசல் கழுவிட்டாங்க ஏட்டையா," என்றேன். "கழுவுனா என்ன, தெளிச்சா என்ன? கடைவீதியில பஸ்ஸு நிக்கி!" அப்போது அந்த அம்மாளின் மகன் ஐயம்பெருமாள், உடம்பில் ஈர வேட்டி ஒட்ட, என் சன்னலைப் பிடித்துக்கொண்டான். அவன் அழவில்லை. கேட்டான். "அண்ணாச்சி, எங்கம்மைய திரும்ப வீட்டு வாசலுக்குக் கொண்டு போயிராதீய." எங்கள் தொழிலில் எழுதாத விதி ஒன்று உண்டு: ஏற்றியவரைப் பின்னால் கொண்டுபோவதில்லை. விடைபெற்றவரை மீண்டும் வாசலில் காட்டினால் அந்த வீடு இரண்டாம் முறை சாகும். நான் எஞ்சினை அணைத்தேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டேன். லாரியை மேலே இழுக்க இருபத்திரண்டு நிமிடங்கள் ஆயின. இருபத்திரண்டு நிமிடங்கள் கடைவீதி முழுவதும் ஒலிப்பான்கள் என்னை ஏசின. காவலரின் ஆணையை மீறியதாக அபராதம் வந்தது, உரிமமும் முடங்கியது.

நான் செய்தது சரிதானா? இதோ, மறுபடி அந்தக் கேள்வி. எந்தத் தெருவில் திரும்பினாலும் எதிரே வந்து நிற்கிறது. பேருந்தில் ஒரு கர்ப்பிணி இருந்திருந்தால்? தேர்வுக்குப் போகும் பிள்ளை இருந்திருந்தால்? வழக்கம் வழக்கம் என்று ஊரை மறிப்பவர்களை நானே எத்தனை முறை கடிந்திருக்கிறேன். ஆனால் அன்று இறங்கிப்போய்ப் பேருந்தில் ஏறிக் கேட்டேனே. ஒவ்வோர் இருக்கையாகக் கேட்டேனே, அவசரமாகப் போகவேண்டியவர் யாரேனும் உண்டா என்று. ஒரு முதியவர் மட்டும், "எல்லாருக்கும் அங்கதான போவணும், மெள்ளப் போவோம்," என்றார். அதை மனுவில் எழுதினேனா? எழுதினேன். அலுவலர் அதைத் தொடவில்லை. அவர் எழுதியது வேறு. அந்த வாக்கியத்தைத் தூக்கத்திலும் சொல்வேன்: 'வழக்கம், நம்பிக்கை போன்றவற்றை இவ்வலுவலகம் இதற்கு முன் எந்நாளும் கருத்தில் கொண்டதில்லை.' எந்நாளும். அந்த ஒரு சொல்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார்த்தியது. தண்டனையைத் தாங்கிக்கொள்வேன், எந்நாளும் என்று ஒருவர் சொன்னால், அந்த நாட்களை எல்லாம் நான் பார்க்க வேண்டாமா? ஓர் ஊரில் ஒரு கிணறு இருந்ததாம். அதன் கதவில் பெரிய பூட்டு. ஊரார் மூன்று தலைமுறை அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு ஆற்றுக்கு நடந்தார்கள். ஒருநாள் வழிப்போக்கன் ஒருவன் தாகத்தில் பூட்டைப் பிடித்து இழுத்தான். அது கையோடு வந்துவிட்டது. பூட்டப்படாமல் வெறுமே தொங்கிக்கொண்டிருந்த பூட்டு. காவல்காரனைக் கேட்டால், "நான் பூட்டவில்லையே, நீங்கள்தாம் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை," என்றானாம். இந்தக் கதையை யார் எனக்குச் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. இந்த அறையின் கதவைத் தள்ளியபோது நானே எனக்குச் சொல்லிக்கொண்டது. மனிதர்களே, தொட்டுப் பாருங்கள். தாகத்தோடு நடந்தே சாகாதீர்கள். சரி, உபதேசம் போதும். மணி பதினொன்று நான்கு. கட்டு முடிந்துவிட்டது. "தண்ணி குடிக்கேளா?" என்று ஆவுடைத்தங்கம் செம்பை நகர்த்துகிறார். "ஒண்ணும் சிக்கலையா?" இல்லையென்று தலையாட்டுகிறேன். "இன்னும் ஒரு கட்டு இருக்கு, பரண்ல. இதரவோட மிச்சம். ஏணி போடணும்." அவர் எழுந்துவிட்டார். நான் கேட்கவில்லை, அவரே ஏணியை இழுக்கிறார். இவ்வளவு நாளும் இவர்களைச் சுவர் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பரணிலிருந்து இறங்கிய கட்டில் பல்லி முட்டைகள். தும்மல். பாதி புரட்டியாயிற்று, இங்கும் அமரர் ஊர்தி ஒன்றுகூட இல்லை. இந்த ஊரில் எட்டு ஆண்டுகளில் அபராதம் விதிக்கப்பட்ட அமரர் ஊர்தி ஓட்டுநர் ஒருவர்கூடவா மேல்முறையீடு செய்யவில்லை? செய்யமாட்டார்கள். என்னைப்போல் ஊர்தி ஓட்டும் ராஜபாளையத்துக்காரன் செல்லத்துரை சொன்னானே, "நம்ம போய் படியேறினா அபசகுனம்பான், கேஸு முன்னாலயே தோத்திரும்" என்று. நாமே நமக்குப் பூட்டுத் தொங்கவிட்டோம். பதினொன்று பதினைந்து. நாளை காலையில் எழுந்து எங்கே போவேன்? அந்தச் சாவியை வேறொருவன் சட்டைப்பையில் பார்ப்பேனா? அவன் நல்லவனாக இருப்பானா, மேடு பள்ளத்தில் மெல்ல ஓட்டுவானா, உள்ளே இருப்பவருக்கு வலிக்காது என்று நினைத்து வேகமாக ஓட்டிவிடுவானா? புரட்டு. பனங்காய் ஏற்றிய வண்டி. புரட்டு. குதிரை பூட்டிய சாரட். புரட்டப் போன விரல் நின்றது. சாரட். அதாவது மாப்பிள்ளை அழைப்பு. ஊர்வலத்தின் நடுவே, முன்னால் தண்ணீர் லாரி பழுதாகி நின்றுவிட்டது, பின்னோக்கி எடுக்கச் சொன்ன காவலரின் ஆணையைச் சாரட் ஓட்டியவர் ஏற்கவில்லை, அபராதம், மேல்முறையீடு. மெல்லப் படி. எழுத்துகள் குதிக்கின்றன, மெல்லப் படி கோமதிநாயகம். 'மணமகன் அமர்ந்த வண்டி எடுத்த அடியைப் பின்வைத்தல் இவ்வூர் வழக்கிற்கு ஒவ்வாது. தெருவின் மரபைத் தெருவின் சட்டம் முற்றிலும் புறக்கணித்தல் ஆகாது. தடை நீடித்ததும் இருபத்தைந்து நிமிடங்களே. எனவே அபராதமும் அதன் தொடர் நடவடிக்கைகளும் நீக்கப்படுகின்றன.' கீழே பச்சை மையில் கையெழுத்து. என் தள்ளுபடி உத்தரவைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைக்கிறேன். அதே பச்சை, அதே கை, வால் சுழித்த அதே கடைசி எழுத்து. மூன்றாண்டுகளுக்கு முன் மாப்பிள்ளைக்கு இருபத்தைந்து நிமிடம் தந்த பேனா, பேச்சித்தாய் அம்மாளுக்கு இருபத்திரண்டு நிமிடம் தர மறுத்திருக்கிறது. "அம்மா," என்கிறேன். "அம்மா, இங்க வாங்க." ஆவுடைத்தங்கம் குனிந்து படிக்கிறார். ஒருமுறை. மறுமுறை. பிறகு நிமிர்ந்து, "ஏ அம்மாடி," என்கிறார்.

நகல் எடுக்கும் பொறி இருக்கிறது. மின்சாரம் பதினொன்று இருபதுக்கே போய்விட்டது. விசிறி ஓய்ந்தது. அவ்வளவுதானா? கையில் கிடைத்ததை மாடிக்குக் கொண்டுபோக ஒரு வழியில்லையா? கோபம் வந்தது, வரட்டும், ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறக் கூடாது. இழந்த நியாயத்தைக் கோபம் மீட்டுத் தராது. எழுதிய தாள் மீட்டுத் தரும். ஆவுடைத்தங்கம் புடைவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "ஒரிஜினல வெளிய விடக் கூடாது. ஆனா மாடியும் ஆபீஸுதான? வாங்க." கட்டு முழுவதையும் இரு கையிலும் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு அவர் முன்னே ஏறுகிறார், தூசி படியெல்லாம் உதிர்கிறது, நான் பின்னே. அலுவலர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "என்னம்மா, பரணையே தூக்கிட்டு வாறீங்க?" "இவரு பாக்கணும்னு எழுதிக் குடுத்தாரு ஐயா, பாத்தாரு. பாத்ததுல ஒண்ணு இருக்கு." "வாசிங்க." வாசித்தேன். "இது யார் போட்ட உத்தரவு?" "ஐயா போட்டதுதான்." அவர் கையை நீட்டினார், தாளை வாங்கினார், வெளிச்சத்துக்காகச் சன்னல் பக்கம் திருப்பினார். வெகுநேரம் படித்தார். "சரி வேய், நான் போட்டதுதான். ஆனா கல்யாணமும் சாவும் ஒண்ணா?" அவர் கையிலிருந்த தாளைக் காட்டினேன். "ரெண்டுலயும் வண்டியில இருக்கவங்க வாயத் தொறக்க மாட்டாங்க ஐயா. மாப்பிள்ளைக்கு வெக்கம்." யாரோ பின்னால் சிரித்தார்கள்; அலுவலரின் உதடும் அசைந்தது. "ஆனா ஐயா, மாப்பிள்ளை நினைச்சா எறங்கி நடந்திருக்கலாம். பேச்சித்தாய் அம்மாவால முடியாது." சிரிப்பு நின்றது. அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

உதவியாளர் தட்டச்சுக்குத் தயாராகக் குறிப்பெடுக்கிறார்; அலுவலர் சொல்லிக்கொண்டே போகிறார், எனக்குக் காதில் பாதிதான் விழுகிறது: முந்தைய உத்தரவு திரும்பப் பெறப்படுகிறது, அபராதம் நீக்கப்படுகிறது, ஓட்டுநர் உரிமம் இன்றே திருப்பி அளிக்கப்படுகிறது. இன்றே. அடுத்து, "சாரட் வண்டி குறித்த உத்தரவு இவ்வலுவலகத்தின் கவனத்திற்குக் கொண்டுவரப்படவில்லை," என்றவர் சட்டென்று நிறுத்தினார். தன் கையெழுத்தையே உற்றுப் பார்த்தார். "அத அடிச்சிரும். அவரு எங்க இருந்து கொண்டு வருவாரு? கட்டு நம்ம பரண்ல கெடந்திருக்கு. 'இவ்வலுவலகம் தேடிப் பார்க்கவில்லை'ன்னு எழுதும்." தன் பிழையைத் தன் வாயால் சொல்லி எழுதவைத்த அந்த மனிதர் அந்த நொடியில் என் கண்ணுக்கு உயர்ந்து தெரிந்தார். வெற்றி என்பது எதிரே நிற்பவரைக் குட்டையாக்குவது என்று நினைப்பவர்கள் ஒருமுறையேனும் இப்படி வெல்ல வேண்டும். எதிரே நிற்பவரும் ஒரு விரற்கடை வளர்வதைப் பார்க்க வேண்டும். இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்த உரிமத்தில் என் பழைய முகம் இருந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்தேன். மார்பின்மேல் அது இருக்கும் இடம் சுடுகிறது. ஐயம்பெருமாளிடம் சொல்ல வேண்டும். தன்னால்தான் ஒருவன் பிழைப்புப் போயிற்று என்று மூன்று மாதமாக என் தெருப்பக்கமே வராமல் ஒளிந்து திரிகிறான். உன் தாய் போன வழி சரியான வழிதான் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அவன் இப்போதாவது அழட்டும். கால்கள் படியில் தாமாக இறங்குகின்றன. பத்தொன்பது ஆண்டுகளாகத் தோள்களின் வேகத்துக்கு மெல்ல நடந்து பழகிய கால்கள் இரண்டிரண்டு படிகளாகத் தாண்டுகின்றன, வெட்கமின்றி.

செய்தி எனக்கு முன்னே இறங்கிவிட்டிருந்தது. கீழ்த்தாழ்வாரத்தில் முறைக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சாதாரணமாக என்னைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் மனிதர்கள், நெருங்கி வந்து நின்றார்கள். "செயிச்சிட்டீராமே வேய்!" "என்னமோ தாளு கெடச்சுதாமே, வக்கீல் யாரு?" "வக்கீலும் இல்ல ஒண்ணும் இல்ல, நம்ம வரிப்பணத்துல எழுதி வச்ச தாளுதான், போய்க் கேட்டேன், காட்டுனாங்க," என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்தது, இவ்வளவு எளிய ஒரு வாக்கியத்தை எட்டு ஆண்டுகளாக இந்தத் தாழ்வாரத்தில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லவில்லை என்பது. காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆட்டோக்காரப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நெற்றியில் வியர்வை, கையில் நான்காக மடித்த உத்தரவு. "எனக்கும் தள்ளுபடிதான் அண்ணே. பள்ளிக்கூட வாசல்ல பிள்ளைகள எறக்குனதுக்கு. மூணாவது தடவ. இதுக்கு முன்னால யாருக்கும் விட்டதே இல்லன்னுட்டாங்க. என்னையெல்லாம் பாக்க விடுவாங்களா?" நான் வாய் திறப்பதற்குள் படியிலிருந்து பதில் வந்தது. தூசி படிந்த புடைவையோடு, கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆவுடைத்தங்கம் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"விடாம? ஆனா ஆட்டோ கட்டு பெருசு தாயி, ஒத்தையா முடியாது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கே வந்துரு. வரும்போது இன்னும் நாலு பேரக் கூட்டிக்கிட்டு வா."